பொக்குளம் போட்ட பாவட்டை

சிவமயம்

வெள்ளவத்தை
11.02.2024

என்ர செல்லப் பேத்தி மிதுனாவுக்கு அம்மம்மா எழுதிறது.

நீயும் பிள்ளையும் சுகம் எண்டு உன்ர மாமி ரெலிபோனில சொன்னவ. அவ சொன்னால் சரிதான். எண்டாலும் உன்ர குரலைக் கேட்டு ஒன்பது நாளாச்சு. இஞ்ச நானும் என்ர முழங்காலும் ஒருமாதிரி ஒத்துப்போறம்.

பச்சை உடம்புக்காரிக்கு நல்ல செய்தி மட்டும்தான் சொல்லவேணும். ரொறன்ரோவில உன்ர மச்சான் சயந்தன் கணக்காளர் சோதினையில கடைசிப் பகுதியும் பாஸ். மெல்பேணில உன்ர மச்சாள் உஷாந்தி இப்ப தனி அறை வைச்ச பல்லு டொக்டர், கதவில அவளின்ர பேர் போட்டிருக்காம். அவளின்ர பெடி ஏழு வயசில வயலின் மேடை ஏறீட்டான். நீ எங்கட குடும்பத்தில முதல் முதல் பூச்சி படிச்சவள். கம்பசில முதல் வகுப்பு எடுத்து, எம்பில் பதிஞ்சு, இப்ப தாயும் ஆயிட்டாய். இதெல்லாத்தையும் கீழ் மாடி பூபாலசிங்கம் மாஸ்டருக்குச் சொன்னன். மனுசன் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "நீங்கள் எத்தினை மட்டும் படிச்சனீங்கள்" எண்டு கேட்டுது. "அஞ்சாம் வகுப்பு. ஆனால் அஞ்சு வருசமும் முதலாம் பிள்ளை" எண்டன்.

நீ குளிக்கிற தண்ணியில அவிக்கப் பாவட்டை இலை அனுப்பிறன். முன்வீட்டு ஸமீம் நானாவின்ர மதிலோரம் செடி நல்லா மதாளிச்சு நிக்குது. மாக்ரெட் ஆய்ஞ்சு தந்தவள். அவள் இஞ்ச சமைச்சுப்போட்டு மூண்டு மணிக்குக் கொட்டாஞ்சேனைக்கு வீடு திரும்பிறவள்தானே, போற வழியில தந்திட்டுப் போவாள். ஒவ்வொரு இலையா வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்து, பொக்குளம் போட்டு வீங்கினதுகளை எறிஞ்சுபோட்டு நல்லது மட்டும் தெரிஞ்செடுத்திருக்கிறன். பிள்ளைப்பெத்த உடம்பில பழுது இலை படக்கூடாது. சம்மந்தி வீட்டுக்கும் அதுதான் மரியாதை.

இலைக்கு அடியில இந்தக் கடிதம் கிடக்கும். மறுமொழியையும் மாக்ரெட்டிட்டக் குடு. "நானென்ன தபால்காரியோ" எண்டு கேப்பாள், காதில விழுத்தாதை.

அம்மம்மா

*

கொட்டாஞ்சேனை
15.02.2024

அன்புள்ள அம்மம்மா,

பிள்ளை நன்றாகக் குடிக்கிறாள், அதைவிட நன்றாக அழுகிறாள். நானும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுறீங்களோ, இல்லாட்டி போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீங்களோ?

போன் மாமியிடம் இருக்கிறது. அதின் வெளிச்சம் கண்ணுக்குக் கூடாதாம், முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியும்வரை தொடக்கூடாதாம். அறையில் ஒரு யன்னல். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. சுவரில் இருக்கிற பாசி இரண்டு இனம். முறைப்பாடாக எழுதவில்லை, பொழுது போவதைச் சொல்கிறேன்.

உங்கள் இலைக்கட்டில் பொக்குளம் போட்ட இலை இரண்டு தப்பி வந்திருந்தது. மாமி அவிக்க எடுக்கமுதல் ஒளித்துவைத்தேன். அம்மம்மா, அது பழுது இல்லை. ஒரு சின்னப் பூச்சி இலைக்குள் முட்டை இடும். புழு பொரித்தவுடன் இலையே அதைச் சுற்றி ஒரு அறை கட்டிக்கொடுக்கும். சுவரும் அதுதான், சாப்பாடும் அதுதான். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு வடிவத்தில் அறை. மூன்று வருசமாக நான் காரை, நொச்சி, பாவட்டை என்று எங்கள் பற்றைகளில் தேடித்தேடி வகைபிரித்தது இதைத்தான். பதினொரு வகை சரியாக வந்தது. பாவட்டைப் பொக்குளம் மட்டும் பிடிபடவில்லை. அதைக் கட்டுகிற பூச்சியை ஒருநாளும் கண்ணால் காணவில்லை. இதுவரை ஒருவரும் எழுதாத இனமாக இருக்கும் என்று புரொபசர் நினைக்கிறார். ஆனால் பூச்சி கையில் இல்லாமல் பேர் வைக்க ஏலாது.

என் பதிவு ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் கம்பசுக்குப் போய் அந்தப் பூச்சியோடு நின்றால் தவணை நீட்டித் தருவார்கள். இல்லாவிட்டால் மூன்று வருசமும் வீண். ஆகவே நல்ல இலையைக் குளிக்க அனுப்புங்கோ, பொக்குளம் போட்டதை எனக்கு அனுப்புங்கோ.

இன்னொன்று. கலியாணம் பேசும்போது நான் படிப்பை முடிக்கவேணும் என்று நீங்கள் கேட்டு, அவை ஓம் என்றவைதானே. மாமி அதை மறந்துபோனா போலக் கிடக்கு. போனில் கதைக்கும்போது ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ.

மிது

*

சிவமயம்

வெள்ளவத்தை
18.02.2024

அன்புள்ள மிதுவுக்கு,

சுகமாயிருக்கிறியோ. பிள்ளைக்கு வயித்துக்குத்து இருந்தால் ஓமத் தண்ணி பருக்கச் சொல்லு. என்ர முழங்காலைக் கேட்டாய், அது தன்ர பாட்டில கிடக்கு.

உன்ர கடிதத்தை மூண்டு தரம் படிச்சன். அறுபது வருசமா எத்தினை பிள்ளைப்பெறுவுக்கு இலை தெரிஞ்சிருப்பன், எத்தினை பூச்சி வீட்டை எறிஞ்சிருப்பன் எண்டு யோசிச்சன். நீ பிறக்கேக்க உன்ர அம்மாவுக்கு நானே ஒரு கடகம் இலை தெரிஞ்சு குடுத்தனான். அவள் இப்ப இருந்தால் சிரிச்சிருப்பாள்.

பொக்குளம் இலையைத் தனியா ஒரு சொப்பிங் பையில போட்டு, நல்ல இலைக்கு நடுவில வைச்சிருக்கிறன். மாமியின்ர கண்ணில படாமல் எடு. வெள்ளவத்தையார் பழுது இலை அனுப்பினவை எண்டு ஒரு கதை வந்தால் எனக்குச் சீவன் போயிடும். மாக்ரெட் சொல்லுறாள், "அம்மா, எங்கட கொட்டாஞ்சேனைச் சனம் இலைக்கெல்லாம் கதை கட்டாது, ஆள் ஓடிப்போனால்தான் கட்டும்" எண்டு. அவளுக்கென்ன தெரியும்.

சயந்தன் புதுசா ஒரு வீடு பாக்கிறானாம்.

அம்மம்மா

*

கொட்டாஞ்சேனை
09.03.2024

அன்புள்ள அம்மம்மா,

முப்பத்தொண்டு கழிந்தது. பிள்ளைக்கு ஆதிரா என்று பேர் வைத்தாயிற்று. நீங்கள் வராதது எல்லாருக்கும் குறை. லிப்ற் பழுது, அஞ்சாம் மாடியில் இருந்து இறங்க ஏலாது என்று மாமி விளங்கப்படுத்தினா. சுகமாக இருங்கோ.

போன் திரும்பி வந்தது. ஆனால் அதை மாமியின் அலுமாரிக்குப் பக்கத்தில்தான் சார்ஜ் போடவேணும், அங்கேயே நின்றுதான் கதைக்கவேணும். கம்பசுக்கு ஒருக்காப் போய்வரக் கேட்டேன். நாப்பத்தொண்டு கழியட்டும் என்றா. பிறகு கேட்டேன், இரண்டாம் மாச ஊசி முடியட்டும் என்றா. கட்டினவராவது கேட்பார் என்று பார்த்தால், கிஷாந்த் புறக்கோட்டையில் வேலை முடிந்து வந்து, "அம்மா சொன்னால் ஒரு காரணம் இருக்கும் மிது" என்கிறார். காரணம் என்ன என்று கேட்டால் ரீவியைப் பார்க்கிறார்.

உங்கள் இலைகளை அஞ்சு மாமைற் போத்தலில் போட்டு, வாயைப் பிள்ளையின் துணியால் கட்டித் தொட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். போன செவ்வாய் மாமி கூட்டும்போது கண்டுவிட்டா. ஏசவில்லை. போத்தல்களைக் குசினிக்குக் கொண்டுபோய், குளிக்க வைத்த சுடுதண்ணியை ஒவ்வொன்றாய் ஊற்றினா. "பிள்ளை படுக்கிற அறையில பூச்சி வளர்க்கிறதெண்டால் நீர் ஏன் பிள்ளை பெத்தனீர்" என்று மட்டும் கேட்டா. ஏசியிருந்தால் நல்லம்.

இனி இங்கே ஏலாது. நீங்கள் செய்வீங்களோ? பொக்குளம் முற்றின கொப்பை வெட்டி, ஈரக் கடுதாசியோடு போத்தலில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கோ. வெயில் படக்கூடாது. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் பாருங்கோ. வெளியே வருகிறது ஒருநாள்கூட உயிரோடு இராது. வந்தவுடன் திகதியை எழுதிவைத்து ஸ்பிரிற்றில் போடுங்கோ. ஆதிராவின் தொப்புளுக்கு வாங்கின ஸ்பிரிற் மிச்சத்தை மாக்ரெட்டிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

மாமியிடம் ஞாபகப்படுத்தினீங்களோ? போன கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை.

மிது

*

சிவமயம்

வெள்ளவத்தை
24.03.2024

அன்பு மிதுவுக்கும் என்ர ஆதிராக்குட்டிக்கும்,

ரெண்டுபேரும் சுகமாயிருக்கக் கதிரேசன் துணை. எனக்கு இருமல் வந்து போட்டுது, இப்ப இல்லை.

பதினாலு போத்தல் வைச்சிருக்கிறன். அம்மப்பாவின்ர பழைய எட்டு முழ வேட்டியைக் கிழிச்சு வாய் கட்டினன். நல்ல மெல்லிசு, அவர் உடுத்தி உடுத்தித் தேய்ஞ்சது. சாமி அறைக்கும் குசினிக்கும் நடுவில இருக்கிற மேசையில வெயில் விழாது. நீ பள்ளிக்கூடத்தில எழுதாமல் விட்ட கொப்பி ஒண்டு கிடந்துது, அதில கோடு போட்டு எழுதிறன். போத்தல் இலக்கம், திகதி, காலமை, பின்னேரம்.

நேற்றுக் காலமை எட்டாம் போத்தலில வந்திட்டுது. ஒரு எள்ளில பாதிதான் இருக்கும். ஆனால் பச்சை, மயில் கழுத்தைப் போல ஒரு மினுக்கம். நான் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தன். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் காட்டாமல் இருந்தவர் அஞ்சாம் வகுப்புக்காரியின்ர மேசையில வந்து நிக்கிறார். மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினன். அவர், "உதென்ன, பழ ஈ" எண்டார். கணக்குப் படிப்பிச்ச மனுசனிட்ட வேற என்ன வரும்.

ஸ்பிரிற்றில போட்டு, "பாவட்டை, போத்தல் 8" எண்டு பேனையால எழுதி ஒட்டியிருக்கிறன். இனி நீ பேர் வைக்கலாம்.

வேற விசேசம் இல்லை.

அம்மம்மா

*

கொட்டாஞ்சேனை
03.04.2024

அன்புள்ள அம்மம்மா,

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கோ. நாங்கள் சுகம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பின கொப்பிப் பக்கத்தைப் பார்த்தேன். என் கூடப்படித்தவர்களில் பாதிப்பேர் இவ்வளவு ஒழுங்காய் எழுதமாட்டினம். ஆனால் அம்மம்மா, அந்தப் பச்சை ஆள் பொக்குளத்தின் வீட்டுக்காரர் இல்லை. வீட்டுக்காரரைத் தின்றவர். அது ஒரு குளவி. வெளியே இருந்து பொக்குளத்துக்குள் முட்டை வைக்கும். அதின் புழு உள்ளே இருக்கிற புழுவைத் தின்று வளர்ந்து, கடைசியில் சுவரைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். எனக்கும் மூன்று வருசமாக வந்தது இதுதான். எட்டாம் போத்தல் இலையைப் பாருங்கோ, ஊசியால் குத்தினது போல வட்டமான சுத்தமான ஓட்டை இருக்கும். உண்மையான ஆள் வெளியே வந்தால் ஓட்டையில் மெல்லிய தோல் ஒன்று தொங்கும், சட்டையைக் கழற்றிப்போட்டது போல. ஆள் நுளம்பு மாதிரி, கால் நீளம்.

மாமியிடம் நானே கேட்டேன். "நான் படிக்கலாம் என்று கலியாணத்துக்கு முதல் சொன்னனீங்கள்தானே, மாமி." அவ பிள்ளையின் துணி மடித்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்த்து, "உம்மட அம்மம்மாவைக் கேளும்" என்றா. அவ்வளவுதான்.

ஆகவே கேட்கிறேன். அவை ஓம் என்றவையோ?

மிது

*

சிவமயம்

வெள்ளவத்தை
28.04.2024

அன்புள்ள பேத்திக்கு,

வருசப்பிறப்பு நல்லா நடந்துதோ. பிள்ளைக்கு மருத்துநீர் வைச்சவையோ. இஞ்ச லிப்ற் இன்னும் பழுது. திருத்த வந்தவன் சிங்களத்தில ஏதோ சொல்லிப்போட்டுப் போயிட்டான், மாக்ரெட் அதை "சாமான் வரவேணுமாம்" எண்டு தமிழ்ப்படுத்தினாள். பங்குனி மாசம் துடக்கம் நான் படி இறங்கேல்லை. உஷாந்தி ஒரு கார் வாங்கியிருக்கிறாள், வெள்ளை நிறம். சயந்தனுக்கு வேலையில உயர்ச்சி.

சொல்லவேண்டியதைப் பிந்திச் சொல்லுறன். அவர் வந்திட்டார். வருசத்துக்கு மற்ற நாள், காலமை ஆறேகாலுக்கு, மூண்டாம் போத்தல். நுளம்பு மாதிரித்தான், உடம்பு தோடம்பழ நிறம், கால் உடம்பை விட நீளம். வேட்டித் துணிக்குக் கீழ தலைகீழாத் தொங்கிக்கொண்டு நிண்டார். இலையைத் திருப்பிப் பார்த்தன். ஓட்டையில தோல் கிடக்கு, வெள்ளை, காத்துக்கு ஆடுது. ஊதாமல் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பார்த்தனான். அதுக்குப் பிறகு மூண்டாம் போத்தலில ஆறு, பதினோராம் போத்தலில நாலு. எல்லாத்தையும் தோலோடயும் இலையோடயும் வேற வேறயா வைச்சிருக்கிறன். பச்சையையும் எறியேல்லை, அதுவும் வேணும் எண்டு நினைச்சன்.

உன்ர புரொபசர் இதைப் பார்த்தால் எழும்பி நிப்பார்.

நீ கேட்டதைப் பற்றி நேரில காணேக்க ஆறுதலாக் கதைப்பம்.

அம்மம்மா

*

சிவமயம்

வெள்ளவத்தை
20.05.2024

மிது,

மூண்டு கிழமையாச்சு. மாக்ரெட் ஒவ்வொரு நாளும் வெறுங்கையோட வாறாள். "அவ தரேல்லை, நான் என்ன செய்ய" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போறாள். நீ சுகமோ எண்டு அவளைத்தான் கேக்கவேண்டிக் கிடக்கு. மெலிஞ்சுபோனாய் எண்டாள்.

நேரில காணுற நாள் எப்ப எண்டு தெரியாது. எழுதிப்போடுறன்.

அவை ஓம் எண்டு சொல்லேல்லை. நான் கேக்கவே இல்லை.

போன வருசம் தைமாசம் உன்னைப் பாக்க வரமுதல், உன்ர மாமி தனிய ஒருநாள் வந்தவ. நீ ஊர்ப்பக்கம் பற்றைக்குள்ள நிண்ட நேரம். தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, "பிள்ளை இன்னும் படிக்கிறாவோ" எண்டு கேட்டவ. கேட்ட விதத்தில ஒரு பொல்லாப்பும் இல்லை. நான்தான், "அது கலியாணத்தோட முடிஞ்சிடும், அவளே விடப்போறன் எண்டவள்" எண்டன். அவ கேக்காத வாக்கை நானாக் குடுத்தன். நீ திரும்பி வந்து கேக்க, "எல்லாம் கதைச்சாச்சு, அவைக்குச் சம்மதம்" எண்டன். ரெண்டு பக்கமும் ரெண்டு கதை.

ஏன் எண்டு கேப்பாய். உனக்கு இருபத்தொன்பது. ஒன்பது சாதகம் பொருந்தாமல் போட்டுது, ரெண்டு பேர் பெட்டை காடு மேடெல்லாம் திரியுது எண்டு விட்டவை. அண்டைக்குக் காலமைதான் குளியலறையில விழுந்து, எழும்ப ஏலாமல் அரை மணித்தியாலம் கிடந்தனான். அதை உனக்குச் சொல்லேல்லை. நான் போனால் உனக்கு ஆர் எண்டு பயந்தன். பிறகு பிள்ளை குட்டி வந்தால் நீயே மறந்திடுவாய் எண்டும் நினைச்சன். நீ மறக்கேல்லை.

நீ சொன்ன ஒவ்வொரு தரமும் ஞாபகப்படுத்தினன் எண்டு நினைச்சிருப்பாய். நான் ரெலிபோனில பிள்ளையின்ர நிறையைத்தான் கேட்டனான்.

அம்மம்மா

*

கொட்டாஞ்சேனை
05.06.2024

கடிதம் கிடைத்தது.

நான்கு மாசமாக நான் பிழையான ஆளை வெறுத்திருக்கிறேன். மாமி என்னிடம் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. அவவுக்கு என்ன சொல்லப்பட்டதோ அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறா. இப்போது நான் யாரிடம் போய் என்ன கேட்பது? படிக்க விடுங்கோ என்று கேட்டால், "நீர்தானே விடுறன் என்றனீர்" என்பார்கள். இல்லை என்றால் உங்களைப் பொய்க்காரி ஆக்கவேணும். அதையும் என்னால் செய்ய ஏலாது என்று உங்களுக்குத் தெரியும்.

ஜூன் முப்பதுக்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது. போத்தல்கள், ஸ்பிரிற்றில் போட்ட பூச்சிகள், கொப்பி எல்லாவற்றையும் மாக்ரெட்டிடம் கொடுத்துவிடவும். அவளின் வீட்டில் இருக்கட்டும்.

மிதுனா

*

சிவமயம்

வெள்ளவத்தை
09.06.2024

அன்பான சம்மந்தி நாகேஸ்வரிக்கு,

உங்கட பிரசர் இப்ப எப்பிடி? குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. ஆதிராவை வைச்சிருக்கிற கை உங்கட கை எண்டு எனக்கு நிம்மதி.

உங்களுக்கு நான் முந்தி ஒரு வாக்குத் தந்தனான், மிதுனா படிப்பை விடுவாள் எண்டு. அது அவள் சொன்ன சொல்லில்லை. நான் இட்டுக்கட்டினது. அவளுக்கு, நீங்கள் சம்மதம் எண்டு சொன்னனான். அதுவும் இட்டுக்கட்டினது. நீங்கள் என்ர சொல்லைக் காப்பாத்திறன் எண்டு நிக்கிறியள், அவள் உங்கட சொல் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறாள். நடுவில நிண்டது நான்.

அந்த வாக்கைத் திருப்பி எடுக்கிறன். அவள் இந்த மாசம் முடியமுதல் ஒருக்காக் கம்பசுக்குப் போய்வரவேணும். பிள்ளையோட எண்டாலும் சரி.

வயசுக்கு மூத்தவள் எண்டு பாக்காமல் கேக்கிறன்.

தையல்நாயகி

*

கொட்டாஞ்சேனை
13.06.2024

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் சுகம். பிரசர் கூடக் குறைய இருக்கு, அது இந்த வீட்டில எல்லாருக்கும் இருக்கிறதுதான். உங்கட கால் சுகப்பட வேண்டிறன்.

உங்கட கடிதத்தை மாக்ரெட் என்ர கையில தந்தா, இலைக்கு அடியில இல்லாமல். அதுக்கு நன்றி. இலைக்குள்ள கடிதம் போய்வாறது எனக்கு மாசி மாசமே தெரியும். ஒண்டையும் பிரிக்கேல்லை. பிரிச்சிருந்தால் எனக்கும் முந்தியே விளங்கியிருக்கும் எண்டு இப்ப நினைக்கிறன்.

அண்டைக்கு நீங்கள் சொன்னதை நம்பி என்ர மகனுக்குச் சொன்னனான், அண்ணைமார் ரெண்டு பேருக்கும் சொன்னனான். இவ்வளவு படிச்ச பெட்டை ஏன் விடுது எண்டு பெரியண்ணை கேட்டவர். அவளின்ர விருப்பம் எண்டன். பேந்து அவள் கம்பஸ், கம்பஸ் எண்டு கேக்கேக்க, கலியாணத்துக்காக ஒண்டு சொல்லிப்போட்டு இப்ப மாறுறாள் எண்டு நினைச்சன். பொய் சொல்லுற பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டே அவளுக்குச் சோறு போட்டனான். அது எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு நீங்கள் யோசியுங்கோ.

வாக்கைக் கடுதாசியில திருப்பி எடுக்க ஏலாது அம்மா. நான் நாலு பேருக்குச் சொன்னதை ஆர் எடுக்கிறது? 23ந் திகதி ஞாயிற்றுக்கிழமை அண்ணைமார் வருகினம். நீங்களும் வாங்கோ. அவளுக்கும் மகனுக்கும் அவைக்கும் முன்னால உங்கட வாயால சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் குறுக்க நிக்கமாட்டன்.

முதுகு சாய்க்கிற கதிரை எடுத்து வைக்கிறன்.

நாகேஸ்வரி

*

சிவமயம்

வெள்ளவத்தை
14.07.2024

என்ர மிதுவுக்கு,

நீயும் ஆதிராவும் எப்பிடியோ, பல்லு முளைக்கிற காய்ச்சல் ஏதும் வந்துதோ. எனக்கு இருபத்துமூண்டாம் திகதி உங்கட வீட்டுக்கு வரப் படி இறங்கினதுக்குப் பிறகு முழங்கால் வீங்கி, இப்ப கட்டிலில இருந்து யன்னலுக்குப் போறதே ஒரு பயணம். வேற குறை இல்லை.

அண்டைக்கு நீ அறை வாசலில பிள்ளையோட நிண்டாய், வெளிய வரேல்லை. நான் கதைச்சு முடிய உள்ளுக்குப் போயிட்டாய். ஆனபடியால் உனக்குத் தெரியாத பாதியை எழுதிறன்.

எண்பத்தெட்டுப் படி. மாக்ரெட் ஒரு பக்கம், ஸமீம் நானா ஒரு பக்கம். ஒவ்வொரு மாடியிலயும் ஒரு கதிரை போட்டு வைச்சிருந்தவர் நானா. நாலாம் மாடிக் கதிரையில இருக்கேக்க, என்ன சொல்லுறது எண்டு யோசிச்சன். "சின்னதா ஒரு விளக்கக் குறைவு நடந்துபோச்சு" எண்டு சொல்லலாம் எண்டு முடிவு. மூண்டாம் மாடியில அதை இன்னும் வடிவாக்கினன், "வயசு போனதால சொன்னது மறந்துபோச்சு" எண்டு. ரெண்டாம் மாடியில வாய்ப்பாடமாக்கினன். மாஸ்டர் கதவைத் திறந்து, "எங்க இந்தப் பக்கம், கலியாண வீடோ" எண்டார். ஓம் எண்டன். அந்த மனுசனுக்கும் ஒரு பொய்.

உங்கட விறாந்தையில எல்லாரும் இருந்தினம். நாகேஸ்வரி தேத்தண்ணி தந்தா. நான் பாடமாக்கினதைச் சொல்ல வாய் திறக்க நீ வாசலுக்கு வந்தாய். உன்ர தோள் எலும்பு சட்டைக்கு மேலால தெரிஞ்சுது. "நான் பொய் சொன்னனான்" எண்டு வந்திட்டுது. பெரியண்ணர் "ஏன்" எண்டு கேட்டார். "என்ர பிள்ளை நல்லா இருக்கிறாள் எண்டு சனத்துக்குச் சொல்ல எனக்கு அவசரமாயிருந்துது" எண்டன். சாதகத்தையோ, குளியலறையில விழுந்ததையோ சொல்லேல்லை. அதுவும் உண்மைதான். ஆனால் அடியில கிடந்தது இதுதான் எண்டு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது. சின்னண்ணர் செருமிக்கொண்டு யன்னலைப் பார்த்தார். கிஷாந்த் தம்பி தலை நிமிரேல்லை. உன்ர மாமி மட்டும் எழும்பி வந்து, என்ர கையில இருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு போனவ.

மிச்சத்தை மாக்ரெட் சொன்னவள். இருபத்தேழாம் திகதி மாமியும் நீயும் பிள்ளையும் ஓட்டோவில கம்பசுக்குப் போனியளாம். மாமி பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு மூண்டு மணித்தியாலம் வெளி வாங்கில இருந்தவவாம், வாறபோற பெடியளை எல்லாம் "சத்தம் போடாதையுங்கோ, உள்ளுக்க எங்கட மருமகள் பூச்சி காட்டிறா" எண்டு அடக்கினவவாம். தவணை ஆறு மாசம் நீண்டு போச்சாம். புரொபசர் மூண்டாம் போத்தல் ஆளை அரை மணித்தியாலம் கண்ணாடிக்குள்ள பார்த்தவராம். கிழமையில ரெண்டு நாள் நீ போகலாம் எண்டு வீட்டில முடிவாம். ரெண்டு நாள் காணாது எண்டு எனக்குத் தெரியும். நீ அதைக் கேக்கமாட்டாய் எண்டும் தெரியும்.

இதெல்லாம் மாக்ரெட் சொல்லித்தான் தெரியும். நீ ஒண்டும் எழுதேல்லை. நான் குற்றம் சொல்ல எழுதேல்லை.

சயந்தனைப் பற்றி, உஷாந்தியைப் பற்றி இண்டைக்கு எழுத ஒண்டும் இல்லை. இருந்தாலும் எழுதமாட்டன்.

ஸமீம் நானாவின்ர மதில் செடியில இந்த மாதம் கொப்புக்குக் கொப்பு பொக்குளம். மாக்ரெட் ஒடிச்சுக்கொண்டு வந்து தாறாள். பத்துப் போத்தல் கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறன். உனக்கு வேணுமெண்டால் சொல்லியனுப்பு, வேண்டாமெண்டாலும் பாப்பன். படுத்த இடத்தில செய்யக்கூடிய வேலை.

சுவரில கிடந்த படத்தில நீ கூறைச்சீலையோட நிக்கிறாய். அந்த முகத்தைப் பாக்க இப்ப எனக்கு ஏலாமல் கிடக்கு. நீ அண்டைக்குச் சிரிச்சது நான் சொன்னதை நம்பி. மாக்ரெட்டைக் கொண்டு கழட்டுவிச்சிட்டன், இப்ப அந்த இடம் வெள்ளையாக் கிடக்கு.

கடிதம் கேக்கேல்லை. மனம் வந்தால் எழுது, வராட்டி விடு. கம்பசில, அந்த மேசையில, கண்ணாடியைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு இருக்கேக்க ஆரையாவது கொண்டு ஒரு படம் எடுப்பி. முகம் தெரியாட்டியும் பரவாயில்லை. அதை மாக்ரெட்டிட்டக் குடுக்காதை, தபாலில போடு. உன்ர கையால என்ர பேரையும் விலாசத்தையும் எழுதினால் காணும், உள்ளுக்கு ஒரு சொல்லும் வேண்டாம்.

அம்மம்மா